அக்கா வெளியிட்ட தூக்கம்

என் அக்கா தூக்கம் விற்றவள். இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தவர்களுக்கு என் வாயிலிருந்து என்ன கிடைத்தது என்று இங்கே எழுத முடியாது. அதில் தப்பாக நினைக்க ஒன்றுமே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கும் பஸ் டிப்போவுக்கும் நடுவில் ஒரு டயர் கடை. அதற்கு மேல் மாடியில் ஒரு நீள அறை, எட்டுக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் நீலத் திரை. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்க இடமில்லாதவர்கள் அங்கே வந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் போகலாம். கடை அவ்வளவுதான்.

கடை போடுவதற்கு முன்னால் அக்கா பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தாள். விடிந்து வீட்டுக்கு வந்தால் மேல்வீட்டில் நாற்காலி இழுப்பார்கள், எதிரில் கட்டடம் கட்டுவார்கள், கீழே யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கத்துவார்கள். அந்தக் காலத்தில் அவள் எங்கெங்கோ தூங்கியிருக்கிறாள். மாவு மூட்டைமேல் தூங்கினாள். பல் டாக்டரிடம் காத்திருக்கும் பெஞ்சில், பல்லுக்கு ஒன்றும் இல்லாமலேயே போய் உட்கார்ந்து தூங்கினாள். ஒருநாள் என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தி வீட்டு ஆட்கள் முன்னால் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மானம் போயிற்று. அந்தச் சம்பந்தம் கூடிவராததற்கு அது காரணமில்லை என்று அவள் இன்னும் சாதிக்கிறாள்.

தொழிற்சாலையை விட்டதும் கையில் வந்த பணத்தில் அவள் கட்டில் வாங்கினாள். எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டோம். நான் கொஞ்சம் பலமாகவே அடித்துக்கொண்டேன், ஏனென்றால் விரிப்புகளைத் துவைக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது.

கடை திறந்த பிறகுதான் அக்கா எப்படிப்பட்டவள் என்பது எனக்கே தெரிந்தது. கூடப் பிறந்தவள்தான், ஆனால் அந்த அறைக்குள் அவள் வேறு ஆளாக நடந்தாள். பாதம் தரையில் படுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். யாரையும் தொட்டோ பெயர் சொல்லியோ எழுப்ப மாட்டாள். நேரம் முடிந்ததும் ஜன்னல் திரையை ஒரு சாண் விலக்குவாள். வெயில் மெதுவாகத் தரையில் நகர்ந்து, கட்டில் காலில் ஏறி, தூங்குகிறவர் கை மேல் வந்து உட்காரும். அவர்கள் தாங்களாகவே கண்ணைத் திறப்பார்கள். திறந்த பிறகும் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நீலத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் விரிப்பு மாற்றுகிற சாக்கில் உள்ளே போவேன். பஸ் டிரைவர், காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர், ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லாருக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் குழந்தை முகம். அப்புறம் செருப்பைத் தேடுவார்கள், பழைய முகம் வந்துவிடும்.

அறையின் கடைசியில் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தானின் கணினி இருந்தது. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். அந்தக் குரலைக் கேட்டு அக்கா மயங்கினாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். வேலை நேரம் போக மீதியெல்லாம் அந்தக் கணினிதான் அவருக்கு. அது பிளாக்செயின் கணினி. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உலகம் முழுக்கப் பல கணினிகள் ஒரே கணக்கை எழுதி வைத்திருக்கின்றன. அதற்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதியதை யாரும் அழிக்க முடியாது. புதிதாக ஒரு வரி சேர வேண்டுமென்றால், சரிபார்க்கும் கணினிகள் சேர்ந்து 'சரிதான்' என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சரிபார்க்கிற ஒன்றுதான் அத்தானுடையது. எங்களுக்கு அதனால் கிடைத்த ஒரே லாபம் அதன் விசிறிச் சத்தம். 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவரோரக் கட்டிலில் படுத்தால் கண்ணை மூடுவதற்குள் தூக்கம் வரும் என்று அதற்குப் போட்டி இருந்தது.

வாடிக்கையாளர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்டார்கள். இன்றைக்குக் கையில் காசு இருக்கிறது, தூங்க நேரமில்லை. நேரம் இருக்கும்போது காசு இல்லை. முன்னாடியே வாங்கி வைக்க முடியுமா? அதற்கு அத்தான் ஒரு வழி செய்தார். அந்தப் பிளாக்செயினில் அக்கா பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, டோக்கன் வெளியிட்டார். அதற்கு 'தூக்கம்' என்றே பெயர் வைத்தோம். ஒரு தூக்கம் என்றால் ஒரு மணி நேரம்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அக்கா நினைத்தால் ஒருவர் தலையில் தூக்கத்தைக் கட்டிவிட முடியாது. 'இவர் தருவதை நான் வாங்கிக்கொள்கிறேன், இத்தனை வரைக்கும் நம்புகிறேன்' என்று முதலில் அவர்கள்தான் தங்கள் செல்போனில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டின் வழியாகத்தான் தூக்கம் போகும். படுக்க வரும்போது ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் கணக்கை வந்து தொட்ட கணமே அது இல்லாமல் போய்விடும். தூங்கின தூக்கத்தை மறுபடி விற்க முடியாதல்லவா, அதுபோலத்தான்.

கொஞ்ச நாளில் அது எங்கெங்கோ போகத் தொடங்கியது. பஸ் டிரைவர் தன் தூக்கத்தில் இரண்டை, பிள்ளை பெற்ற மருமகளுக்குக் கொடுத்தார். காதலிக்கிற பையன்கள் கொடுத்தார்கள். ஒரு வாத்தியார் ஓய்வு பெற்றபோது கூட வேலை செய்தவர்கள் சால்வைக்குப் பதில் பத்துத் தூக்கம் போட்டார்கள். மத்தியான வேளையில் மேஜையில் உட்கார்ந்து செல்போனில் அந்தப் பொதுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே எட்டுப் பேர் மூச்சு விடுவார்கள். திரையில் ஒரு தூக்கம் யாரிடமிருந்தோ யாருக்கோ நகரும். ஊரே ஒரு பெரிய அறை, அதில் நீலத் திரைகளுக்கு நடுவே தூக்கங்கள் சத்தமில்லாமல் மிதந்து போகின்றன என்று தோன்றும். பார்த்துக்கொண்டே நானும் மேஜைமேல் கவிழ்ந்துவிடுவேன். அக்கா வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போவாள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பஸ் டிரைவர் செல்போனைச் சாக்கடையில் போட்டார். கணக்கைத் திறக்கிற சாவிச் சொற்களையும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவருடைய ஆறு தூக்கமும் திறக்க ஆளில்லாத கணக்கில் மாட்டிக்கொண்டது. அக்கா அவரைச் சும்மாவே படுக்கச் சொல்லிவிட்டாள், அவரும் புது செல்போனில் புதிதாகக் கொஞ்சம் தூக்கம் வாங்கிக்கொண்டார். ஆனாலும் அந்த ஆறு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

"யாருக்கும் கிடைக்காம அங்கேயே கிடக்குமா அது?" என்று கேட்டாள்.

"கிடக்கும். ஆனா ஒரு புது விதி வருது" என்றார் அத்தான். விரிப்பின் ஒரு முனையை அவர் பிடித்திருந்தார், மறுமுனையை அக்கா. "டோக்கன் வெளியிட்டவங்களே அதைத் திருப்பி எடுத்துக்கலாம்னு. எடுத்து உரியவங்களுக்குப் புதுசா கொடுத்துடலாம்."

"யாரு கொண்டு வராங்க?"

"யாரும் இல்ல, எல்லாரும்தான். ஓட்டு. சரிபார்க்கிற கணினிங்க நூத்துக்கு எண்பதுக்கு மேல சரின்னு சொல்லணும். சொன்னா போதாது, ரெண்டு வாரம் அந்தச் சொல்லுல நிக்கணும். நடுவுல யாராச்சும் மனசு மாறிக் கீழ இறங்கிடுச்சுன்னா மறுபடியும் முதல்லேருந்து."

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கும் இப்படி ரெண்டு வாரம் குடுத்திருக்கலாம்" என்றாள் அக்கா.

அத்தான் சிரித்துக்கொண்டே விரிப்பை மடித்தார். விதி மாறுகிற நாளுக்குள் மென்பொருளைப் புதுப்பிக்காத கணினி என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு உக்காந்துரும் சின்னவளே. புரியாத விதியில தப்பா ஒண்ணு சொல்றதுக்குச் சும்மா இருக்கலாம்னு."

இந்தப் புத்தி நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றேன்.

அத்தான் சரி என்று ஓட்டுப் போட்டார். நடுவில் ஒருமுறை எண்பதுக்குக் கீழே இறங்கி, மறுபடி ஏறி, ஒருவழியாக விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் ஒரு கண்டிஷன். ஒரு டோக்கன்கூட வெளியிடாத புதுக் கணக்கில்தான் அந்த அதிகாரத்தை இயக்க முடியும். நம்பி வாங்கியவர்களின் தலைக்குப் பின்னால் விதியை மாற்றக் கூடாது அல்லவா? அதனால் புதுக் கணக்கு திறந்து, பழைய தூக்கத்துக்கெல்லாம் புதுத் தூக்கம் மாற்றிக் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பழைய கணக்கைப் பூட்ட வேண்டும். பூட்டுவது என்றால் சாதாரணப் பூட்டு இல்லை. உலகத்தில் யாருக்குமே சொந்தமில்லாத ஒரு முகவரியின் கையில் சாவியைக் கொடுத்துவிடுவது. அப்புறம் அக்காவும் திறக்க முடியாது, ஆண்டவனும் திறக்க முடியாது.

இந்த மாதிரி வேலையை முதலில் ஒத்திகைச் சங்கிலியில் செய்து பார்ப்பார்கள். நிஜச் சங்கிலி மாதிரியே இருக்கும், ஆனால் விளையாட்டு. எதைச் செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. திரையின் உச்சியில் ஒத்திகைக்கு மஞ்சள் பட்டை, நிஜத்துக்குப் பச்சைப் பட்டை. வித்தியாசம் அவ்வளவுதான். வேறு எங்கேயாவது இருந்திருந்தால் அது போதும். எங்கள் கடையில், வெளிச்சம் தூங்குகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக அத்தான் தன் திரையை நிறமே இல்லாமல் மங்கலாக வைத்திருந்தார். அதில் மஞ்சளும் சாம்பல், பச்சையும் சாம்பல்.

அன்றைக்குக் கடை நிறைந்திருந்தது. அத்தான் நடுவில் எதையோ சரிபார்க்க நிஜச் சங்கிலிக்குப் போயிருக்கிறார், திரும்பி வர மறந்துவிட்டார். ஒத்திகை என்று நினைத்துக் கடைசிப் படியைச் செய்து முடித்தார். தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பூட்டிட்டேன்" என்று கிசுகிசுத்தார்.

"எதை?" என்று அக்காவும் கிசுகிசுத்தாள்.

"நிஜத்தை."

எங்கள் குடும்பத்தில் நடந்த மிகப் பெரிய சண்டை அதுதான். முழுக்க முழுக்க ரகசியக் குரலில் நடந்தது. எட்டுப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்களே! நான் அத்தானைத் திட்டியதில் பாதி வெறும் காற்றாகத்தான் வந்தது. "கண்ணு எங்க வச்சிருந்தீங்க? உங்களை நம்பி ஜனங்க லிஃப்டுல ஏறுறாங்களே!" என்று நான் ஊத, அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா நேரம் பார்த்து எழுந்து போய், மூன்றாம் கட்டிலுக்கு ஜன்னல் திரையை ஒரு சாண் விலக்கிவிட்டு வந்தாள். வந்து அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் எல்லாரிடமும் அக்கா நடந்ததை அப்படியே சொன்னாள். பழைய தூக்கம் கையில் இருக்கிறவர்கள் எப்போது வந்தாலும் கட்டில் உண்டு, ஆனால் இனிமேல் பழைய தூக்கம் ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்காது. வேண்டியவர்களுக்குப் புதுத் தூக்கம் தருகிறேன் என்றாள். இதில் சிக்கல் எங்கே வரப்போகிறது என்று நினைத்தோம்.

சிக்கல் வெளியூரிலிருந்து வந்தது. இந்த மாதிரி டோக்கன்களையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற யாரோ ஒரு புண்ணியவான், எங்கள் கணக்கைப் பற்றி எழுதிவிட்டான். உலகத்திலேயே தூக்கத்துக்கென்று ஒரு டோக்கன், வெளியிட்டவரே சாவியைத் தூக்கி எறிந்துவிட்டார், இனி பெருகாது, தூங்கத் தூங்கக் குறையும். அவ்வளவுதான். எங்கள் டயர் கடையைக் கனவில்கூடப் பார்க்காதவர்கள், எங்கள் மத்தியானம் அவர்களுக்கு நடுராத்திரியாக இருக்கிற ஊர்க்காரர்கள், போட்டி போட்டு வாங்க ஆரம்பித்தார்கள். விலை ஏறியது. எங்கள் வாடிக்கையாளர்கள் செல்போனைப் பார்த்தார்கள், கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார்கள். அப்புறம் தூங்க வருவதை நிறுத்திவிட்டார்கள்.

எங்களுக்கு ஈ ஓட்டுகிற வேலை. ஒரு தூக்கத்தின் விலைக்கு ஒரு கட்டிலே வாங்கலாம் என்று ஆனபிறகு, யார் அதை ஒரு மணி நேரத்தில் தூங்கித் தீர்ப்பார்கள்? சரி, காசு கொடுத்துப் படுக்கலாமே என்றால் அதற்கும் மனசு வரவில்லை. "கையில இத்தனை தூக்கத்தை வச்சுக்கிட்டு, காசு வேற கொடுத்துத் தூங்கணுமா?" என்றார் மூட்டை இறக்குகிறவர். அவருடைய கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. புதுத் தூக்கத்துக்குக் கோடு போடச் சொன்னால் பஸ் டிரைவர் தலையைச் சொறிந்தார். "அதுல நீங்க திருப்பி எடுத்துக்கலாமாமே அக்கா?" யாருடைய தொலைந்துபோன ஆறு தூக்கத்துக்காக இத்தனையும் ஆரம்பித்ததோ, அந்த ஆள் கேட்டார் இதை! எனக்கு வந்த கோபத்துக்கு டிப்போ வரைக்கும் விரட்டியிருப்பேன். அக்கா, "ஆமா, எடுத்துக்கலாம்தான்" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

அவள் கவலை கடையைப் பற்றி இல்லை. அவள் கவலையெல்லாம் நர்ஸைப் பற்றி.

நர்ஸ் எங்கள் முதல் வாடிக்கையாளர். கடை திறந்த அன்று, பெயர்ப் பலகை மாட்டுவதற்கு முன்பே ஏறி வந்து, "இங்க படுக்கலாமா?" என்று கேட்டவள். குழந்தைகள் வார்டில் நிரந்தர இரவு வேலை. வீட்டில் இரண்டே அறை, படுத்த படுக்கையாக மாமனார், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கூரையைப் பிய்க்கிற மூன்று பிள்ளைகள். புருஷன் லாரியில் ஊர் ஊராகப் போகிறவர். அவளுக்குக் கிடைத்த தூக்கமெல்லாம் எங்கள் கடைத் தூக்கம்தான். எல்லாரையும்விட அதிகமாக வாங்கிச் சேர்த்து வைத்திருந்தவளும் அவள்தான். இப்போது அத்தனையும் பொன்னாகிவிட்டது. எல்லாவற்றையும் விற்றால் இரவு வேலைக்கே முழுக்குப் போட்டுவிட்டுப் பகலில் ஏதாவது சின்ன கிளினிக்கில் சேர்ந்துவிடலாம். ஒன்று குறைந்தாலும் அந்தக் கணக்கு உதைக்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் நிம்மதியாக விற்கலாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் நின்றாள்.

தூங்க வராவிட்டாலும் வழியில் எங்கள் படியேறி வந்து உட்காருவாள், பழக்க தோஷம். உட்கார்ந்தபடியே செல்போனில் விலையைப் பார்ப்பாள்.

"ஏம்மா, அந்தக் கட்டில் சும்மாதானே கிடக்கு? போய்ப் படு. எனக்கு ஒண்ணும் வேணாம்" என்பாள் அக்கா.

"வேணாம்க்கா. நீங்க சும்மா படுக்க விட்டீங்கன்னு தெரிஞ்சா என் தூக்கத்துக்கு என்ன மதிப்பு?"

"மதிப்பு கிடக்கட்டும், உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாரு."

"இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா. அப்புறம் வாழ்க்கை முழுக்க ராத்திரியிலேயே தூங்குவேன், மத்த மனுஷங்க மாதிரி." அவள் சிரிப்பாள். சிரிக்கும்போதே இமை மூடும், தலை சாயும், திடுக்கென்று நிமிர்ந்து மறுபடி செல்போனைப் பார்ப்பாள்.

அவள் ஆசையில் என்ன தப்பு? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனாலேயே யார்மீது எரிந்து விழுவது என்று தெரியாமல் விரிப்புகள்மீது எரிந்து விழுந்தேன். யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்தேன், யாரும் கசக்காத விரிப்பை இஸ்திரி போட்டேன். எட்டுக் கட்டிலும் பளபளவென்று காத்துக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கணினி மட்டும் யாருக்காகவோ 'ம்ம்ம்' என்று தாலாட்டிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் எனக்கு ஒரே மாதிரி கனவு வந்தது. ஊரில் எல்லாரும் கண்ணைத் திறந்தபடி தெருவில் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு தலையணை, யாரும் தலையை வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

அக்கா தடுப்புக்குப் பின்னால் போய் அத்தானிடம் கேட்பது என் காதில் விழும். "இந்த விலையை இறக்க ஒரு வழியும் இல்லையா?"

"அதை நாம ஏத்தலையே, எப்படி இறக்குறது?"

"மறுபடியும் ஒரு ஓட்டுப் போட்டு, நாம செஞ்சதை மாத்த முடியாதா?"

"நம்ம ஒருத்தருக்காக விதியை மாத்தினா, அப்புறம் அது என்ன விதி?" அவர் குரல் தழதழத்தது. "நான்தான் பாவி. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாக்கவே முடியல என்னால."

அக்கா திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தாள். "நான் குடுத்த தூக்கம் அவளைத் தூங்க விடாம அடிக்குதுடி" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அதற்கடுத்த வாரம், காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு நர்ஸ் படியேறி வந்தாள். சீருடைகூட மாற்றவில்லை. வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?" என்றாள் அக்கா.

"ஒரு குழந்தைக்கு ஊசி போட்டேன். போட்டுட்டு உக்காந்தேன். அப்புறம் எழுந்து மறுபடியும் அதே மருந்தை ஏத்திக்கிட்டு அதே குழந்தைகிட்ட போய் நிக்கிறேன்க்கா. அவங்க அம்மா என் கையைப் பிடிச்சாங்க. 'இப்பதானே சிஸ்டர் போட்டீங்க'ன்னு. எனக்குப் போட்டதே ஞாபகம் இல்ல." அவள் மூச்சு வாங்கியது. "அந்தம்மா முழிச்சிருந்தாங்க. அவங்களும் அசந்திருந்தா?"

அக்கா எழுந்து அவள் தோளைப் பிடித்தாள். "வா, வந்து படு. ஒண்ணும் பேசாதே."

"சும்மா வேணாம்." நர்ஸ் செல்போனை எடுத்தாள். விரல் திரையில் நிற்காமல் வழுக்கியது.

"எதுக்கு இப்ப அது? நான் கேட்டேனா உன்னை?"

"நீங்க கேக்க மாட்டீங்க. ஆனா சும்மா படுத்தேன்னா, படுத்துக்கிட்டு அதோட விலையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்க்கா. எனக்குத் தெரியும் என்னைப் பத்தி. இது தூங்குறதுக்குத்தானே வாங்கினேன்? ஒண்ணையாவது தூங்கிடுறேன்."

அனுப்பிவிட்டாள். தடுப்புக்குப் பின்னால் அத்தான் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் திரையில் அது தெரிந்திருக்கும். எங்கள் கணக்கைத் தொட்டு ஒரு தூக்கம் இல்லாமல் போயிற்று. அதை வைத்து ஒரு கட்டில் வாங்கலாம் என்று சொன்னேன் இல்லையா, அந்தத் தூக்கம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த வரியைப் பார்க்கலாம். பார்த்தவர்கள் எவளோ பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

சுவரோரக் கட்டிலில் அவள் சாய்ந்தாள். காலணியைக் கழற்ற நான் குனிந்தபோதே மூச்சு மாறிவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ பேர் தூங்கிப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு தூக்கத்தைப் பார்த்ததில்லை. நெற்றியிலிருந்த சுருக்கங்கள் ஒன்றொன்றாக விட்டுப் போயின. வாய் லேசாகத் திறந்தது. விசிறிச் சத்தமும் அவள் மூச்சும் கலந்து எது எது என்று தெரியவில்லை. வெளியே பஸ்கள் தூரத்தில் யாருடைய கனவிலோ ஓடுவதுபோல் ஓடின. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

ஒரு மணி நேரம் முடிந்தது. பழக்கத்தில் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். திரையில் கை வைத்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒரு மணி ஆச்சுக்கா" என்றேன் வெறும் காற்றுக் குரலில்.

"தெரியும். விடு."

மத்தியானம் போயிற்று. புதிதாக இரண்டு பேர் காசு கொடுத்துப் படுத்து எழுந்து போனார்கள். பஸ் டிரைவர் எதற்கோ மேலே வந்தார், திரை இடுக்கில் நர்ஸ் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து ஒன்றை அனுப்பிவிட்டு நான்காம் கட்டிலில் போய்ப் படுத்தார். எழுந்து போகும்போது, "புதுசுக்கும் ஒரு கோடு போட்டுட்டேன்" என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். பார்த்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பேன், தப்பித்தார். நர்ஸ் வீட்டுக்குச் சொல்லிவிட்டு வரச் சொல்லி அக்கா என்னை அனுப்பினாள். நான் போய் மாமனாருக்குக் கஞ்சி கொடுத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த மூன்று வானரங்களையும் அதட்டி உட்கார வைத்து, பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். வந்தபோதும் அவள் அசையாமல் கிடந்தாள்.

கடை மூடுகிற நேரத்துக்குத்தான் கண் விழித்தாள். கொஞ்ச நேரம் நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை முகம் இந்த முறை சீக்கிரம் போகவில்லை. அப்புறம்தான் வெளிச்சம் போய்விட்டது உறைத்தது, துள்ளி எழுந்தாள்.

"ஐயோ! எவ்வளவு நேரம் ஆச்சு? எத்தனை தூக்கம் ஆச்சுக்கா?"

"ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

"பொய்."

"உன் போன்ல பாரு. என் கையிலயா இருக்கு கணக்கு? ஒண்ணுதான் போயிருக்கு."

நர்ஸ் செல்போனை எடுத்தாள். அத்தான் தடுப்பைத் தாண்டி வந்து கதவோரம் நின்றார். இத்தனை நாளாக அவள் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருந்தவர், அவளிடம் நேராகப் பேசினார்.

"இன்னைக்கு ரெண்டு குறைஞ்சதை எல்லாரும் பாத்துட்டாங்கம்மா. மிச்சத்தோட விலை இன்னும் ஏறிடுச்சு. நெனச்சதைவிட ஜாஸ்தி." அவர் தொண்டையைச் செருமினார். "இப்ப வித்தா, நீ இன்னைக்குத் தூங்கினதுக்கும் சேத்துக் கிடைச்சிடும்."

அவள் செல்போன் திரையைப் பார்த்தாள். விற்றுவிடடி, இன்றைக்கே விற்றுத் தொலைத்துவிட்டுத் தப்பித்துப் போ என்று ஒரு மனசு கத்தியது. அக்கா தலையணை உறையை உருவி எடுத்துக்கொண்டிருந்தாள், கை மட்டும் நின்றுவிட்டது.

நர்ஸ் செல்போனில் ஏதோ தட்டினாள். "பாதியை விக்கப் போட்டுட்டேன்" என்றாள். "கிளினிக் வேலை கிடைக்கிற வரைக்கும் வீடு தாங்க அது போதும்."

"மீதி?" என்றார் அத்தான்.

அவள் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். வாயை மூடக்கூட இல்லை.

"அது எனக்கு வேணும்" என்றாள். "நாளைக்கும் வரேன்."